தோலும் அளவுகோலும்

உடலைத் திருத்தலாமா, கூடாதா? பழமைவாதியிடம் கேட்டால் விடை உடனே கிடைக்கும். "ஆண்டவன் கொடுத்த உடம்பு, அவன் எழுதிய எழுத்து, அதைத் திருத்த நீ யார்?" என்பான். பெரியம்மை ஊரைச் சூறையாடிய நாளிலும் இதையேதான் சொன்னான். "தாய் விளையாடுகிறாள், தடுக்காதே" என்றான். வேப்பிலை கட்டினான், கூழ் ஊற்றினான். அவன் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த வேளையில், அறிவுடையோர் ஊசியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றனர். 1980-ஆம் ஆண்டு, பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தாயும் போனாள், அவள் விளையாட்டும் போயிற்று!

ஆகவே, "இயற்கையைத் தொடாதே" என்னும் பேச்சு நம் வாயில் வரக்கூடாது. அது நம்முடைய பேச்சன்று. நம்மை அடக்கி வைத்தவர்களின் பேச்சு. பகுத்தறிவாளன் தொடலாமா என்று தயங்குவதில்லை. எதற்காகத் தொடுகிறோம், யாருக்காகத் தொடுகிறோம், எந்த அளவுகோலால் அளந்து இதைக் குறை என்கிறோம் என்று கேட்கிறான். கேட்டு, விடை பெற்று, பிறகே கைவைக்கிறான்.

இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பும் கருவி ஒன்று இன்று நகரந்தோறும் வந்திருக்கிறது. லேசர் கதிரால் தோலைப் புதுப்பிக்கும் மருத்துவத்தையே சொல்கிறேன். வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து வளர்ந்த இம்மருத்துவம், ஆசிய மக்களின் தோலைச் சந்தித்தபோது என்ன ஆயிற்று? அந்த வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

1960-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பார், மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். நான்கே ஆண்டுகளில், 1964-இல், கார்பன்-டை-ஆக்ஸைடு வாயுவைக் கொண்டு இயங்கும் லேசரைப் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் படைத்தார். அவர் குமார் பட்டேல். மராட்டிய மண்ணில் பாராமதியில் பிறந்தவர். பின்னாளில் வெள்ளையரின் முகச்சுருக்கத்தைத் துடைத்த கதிர், ஓர் ஆசியரின் கையில் பிறந்தது!

அந்தக் கதிரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அதைத் தண்ணீர் தாகத்தோடு உறிஞ்சிக்கொள்ளும். தோலில் நிறைந்திருப்பதோ தண்ணீர். கதிர் பட்டதும் மேற்பரப்பு ஆவியாகிறது. அதன் கீழிருக்கும் தசைநார் சூட்டால் சுருங்கி இறுகுகிறது. பின்னர் புதிய தோல் வளர்கிறது. பருவின் பள்ளம், அம்மையின் வடு, முதுமையின் வரி எல்லாம் குறைகின்றன. 1990-களில் இம்முறை மேலைநாடுகளில் பெரிதும் பரவிற்று.

தண்ணீருக்கு நிறமில்லை. எனவே இந்தக் கதிருக்கும் நிறபேதம் இராது என்று எண்ணத் தோன்றும். ஆனால், புண் ஆறும்போது வேறுபாடு வெளிப்பட்டது. சீனர், ஜப்பானியர், இந்தியர் முதலிய ஆசிய மக்களுக்கு இம்மருத்துவம் செய்தபோது, தோல் செம்மையாக ஆறிற்று. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, ஆறிய இடம் கறுக்கத் தொடங்கிற்று. தழும்பை நீக்க வந்தவர் கருந்திட்டோடு நின்றார். பலருக்கு அது மாதக்கணக்கில் நீடித்தது. வேறு சிலருக்கோ நிறம் அறவே போய், வெளுத்த திட்டு விழுந்தது. அப்படி வெளுப்பது பல மாதங்கள் கழித்தும் வரும்; வந்தால் எளிதில் போகாது.

ஏன் இப்படி? விடையை அறிந்தால், இனவெறியின் அடித்தளமே ஆட்டங்காணும்.

நம் மேல்தோலின் அடிவரிசையில், மெலனின் என்னும் நிறமியைச் செய்யும் உயிரணுக்கள் உள்ளன. கறுப்பருக்கு அவை மிகுதி, வெள்ளையருக்குக் குறைவு என்றுதான் பலர் நினைக்கின்றனர். அப்படியன்று! எல்லா மக்களுக்கும் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை செய்யும் நிறமிப் பொதிகள் சிலரிடம் சிறியவை, கொத்துக் கொத்தாகக் கிடப்பவை. சிலரிடம் பெரியவை, தனித்தனியாகப் பரந்து நிற்பவை. உலகைப் பல நூற்றாண்டு ஆட்டிவைத்த நிறவெறி முழுவதற்கும் இயற்கை வைத்திருக்கும் அடிப்படை இவ்வளவுதான். பொதி பெரிது, பொதி சிறிது! இதற்காகவா கப்பல் கப்பலாக மனிதரை விலங்கிட்டு ஏற்றினார்கள்?

இந்த நிறமி தோலுக்குக் கேடயம். கதிரவனின் ஊதாக்கடந்த ஒளியை வாங்கிக்கொண்டு, உள்ளிருக்கும் அணுக்களைக் காப்பது. கருமை மிகுந்த தோலில் வெயிலால் வரும் சுருக்கம் காலந்தாழ்த்தியே தோன்றுவதும், தோல் புற்று அரிதாயிருப்பதும் இதனால்தான். காக்கும் தொழிலுடைய அணு, புண்ணைக் கண்டதும் விழித்தெழுகிறது. மேலும் மேலும் நிறமியைச் செய்து குவிக்கிறது. லேசர் செய்ததும் ஒரு புண்தானே! அதைத் தாக்குதல் என்றே தோல் கொள்கிறது. வெள்ளைத் தோலுக்கு வகுத்த அளவில் சூட்டைப் பாய்ச்சினால் நம் தோல் கறுத்து மறுமொழி சொல்வது இயல்பு.

அப்படியானால் குறை தோலில் இருந்ததா? இல்லை, தோழர்களே. குறை அளவுகோலில் இருந்தது.

தோலை வகைப்படுத்த மருத்துவர் இன்றும் கையாளும் அளவுகோல் ஒன்று உண்டு. 1975-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்தது. கதிர்ச் சிகிச்சைக்கு வருவோருக்கு எவ்வளவு ஒளி தாங்கும் என்று அறிவதே அதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் தொடக்கத்தில் அதில் இருந்த படிகள் நான்கு. நான்கும் வெள்ளைத் தோலின் வகைகள்! உலக மக்களில் பெருந்தொகையினரின் நிறமான பழுப்பும் கறுப்பும், ஐந்து, ஆறு எனப் பிற்பாடு சேர்க்கப்பட்டவை. வீட்டைக் கட்டி முடித்தபின் தாழ்வாரம் இறக்குவதுபோல! நம்மில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையுள்ள படிகளில் நிற்கிறோம்.

இதைச் சொல்லி விஞ்ஞானத்தை வெறுக்கச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. விஞ்ஞானத்திற்கும் வேதத்திற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்குகிறது. வேதம் பிழையைப் பிடித்துக்கொண்டு தொங்கும். விஞ்ஞானம் பிழையைக் கண்டால் திருத்திக்கொள்ளும். ஆசிய மருத்துவர்களும் அவர்களைக் கேட்டறிந்த மேலைநாட்டாரும் முறையை மாற்றினர். சூட்டின் அளவைக் குறைத்தனர், தோலைக் குளிரவைத்தனர், மறைவான ஓரிடத்தில் முதலில் சோதித்துப் பார்த்தனர், இரு சிகிச்சைகளுக்கு இடையே நாள் கூட்டினர், வெயில் படாமல் காக்கச் சொன்னனர். நிறமியைக் குறிவைக்கும் பிற லேசர்களில், மெலனின் குறைவாக உறிஞ்சும் 1064 நானோமீட்டர்க் கதிரைக் கருநிறத் தோலுக்குத் தேர்ந்தனர். 2004-இல் புதுமுறை ஒன்றும் வெளிவந்தது. தோல் முழுவதையும் சீவாமல், கண்ணுக்குத் தெரியாத நுண்புள்ளிகளாகக் கதிரைப் பாய்ச்சுவது; புள்ளிக்குப் புள்ளி நல்ல தோலை விட்டுவைப்பது; அந்த நல்ல தோலே புண்ணை விரைந்து ஆற்றுவது. இந்த முறையால் ஆசியரின் தோலுக்கு நேர்ந்த இடர் குறைந்தது. அறவே ஒழிந்துவிடவில்லை, குறைந்தது.

அளவுகோல் ஒருதலையாயிருந்தால் அழகு மட்டுமன்று, உயிரும் போகும். கொரோனாக் கொடுநோயின்போது விரல்நுனியில் மாட்டி உயிர்வளி அளந்த சிறுகருவியை நாம் அறிவோம். அதுவும் ஒளியால் அளப்பதே. கறுப்பு நோயாளிகளிடம் உயிர்வளி குறைந்திருந்தும், போதுமானதாக இருப்பதாக அது காட்டிவிடுவது, வெள்ளை நோயாளிகளிடத்தைவிட ஏறத்தாழ மும்மடங்கு மிகுதி என்று 2020-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டிற்று. கருவி வஞ்சகம் செய்யவில்லை. அதைச் சரிபார்த்தவர்களின் கண்முன் கறுப்பு விரல்கள் போதிய அளவில் இல்லை, அவ்வளவே. நினைவில் வராதவனுக்கு நீதி கிடைப்பதில்லை!

இது கதையின் ஒரு பாதி. மறுபாதி ஜப்பானில் இருக்கிறது.

ஜப்பானில் மசாவோ ஓட்டா என்றொரு மருத்துவர் இருந்தார். டோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவப் பேராசிரியர். கினோஷிட்டா மொகுட்டாரோ என்ற புனைபெயரில் கவிதையும் நாடகமும் எழுதிப் புகழ்பெற்றவரும் அவரே. முகத்தின் ஒரு பக்கம், கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும், சிலருக்குக் கண்ணின் வெள்ளையிலும்கூட, நீலமும் சாம்பலும் கலந்து படர்ந்திருக்கும் மறு ஒன்றை 1930-களின் இறுதியில் அவர் வகைப்படுத்திக் கூறினார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆசிய மக்களிடம், அவர்களுள்ளும் பெண்களிடம், மிகுதியாகக் காணப்படுவது. நிறமி அணுக்கள் மேல்தோலில் இராமல் ஆழத்தில் தங்கிவிடுவதால் வருவது. யாரோ அறைந்து கன்றிப்போனது போன்ற முகத்தோடு வாழ்நாள் முழுவதும் நடமாட வேண்டும். உறைபனிக்கட்டியால் சுட்டனர், தோலைத் தேய்த்து எடுத்தனர், வடு எஞ்சிற்று.

1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு மருத்துவர்கள் ஓர் உண்மையை விளக்கினர். ஏற்ற அலைநீளத்தில், கண்ணிமைக்கும் நேரத்தினும் பன்மடங்கு நுண்ணிய நேரம் கதிரைப் பாய்ச்சினால், சுற்றுத்தசையைச் சுடாமல் நிறமியை மட்டும் தகர்க்கலாம் என்பதே அது. அந்த வழியில் மாணிக்க லேசரைக் கொண்டு, ஓட்டா மறு உடைய 114 பேருக்குச் செய்த சிகிச்சையை 1994-இல் ஜப்பானிய மருத்துவர் இருவர் வெளியிட்டனர். திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, மறு மங்கிற்று. முகத்தை மறைத்து நடந்தவர்கள் நிமிர்ந்து நடந்தனர். விஞ்ஞானம் செய்த நற்செயல்களில் இதுவும் ஒன்று. இதைக் கண்டு மகிழாதவன் மனிதனல்லன்.

ஆனால் தோழர்களே, கருவி கடைக்கு வந்தபின் அதே ஒளி வேறு பாட்டுப் பாடத் தொடங்கிற்று. கன்னத்தில் படரும் மங்குக்கென, 1064 நானோமீட்டர்க் கதிரைச் சிறு அளவில் வாரந்தோறும் பாய்ச்சும் முறை கிழக்காசிய நாடுகளில் பரவிற்று. பரவியபின், மங்கு இல்லாதவரையும் அழைத்தது. முகம் முழுவதையும் வெளுக்கச் செய்வோம் என்றது. அளவு மீறித் திரும்பத் திரும்பச் செய்துகொண்டவர்களுள் சிலருக்கு, முகத்தில் மழைத்துளி தெறித்தாற்போல் வெண்புள்ளிகள் விழுந்தன. மங்கோ, கதிரை நிறுத்தியதும் பெரும்பாலும் திரும்பி வந்தது.

நம் நாடும் விலக்கன்று. 1975 என்ற ஆண்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் தோலின் படிநிலை வகுக்கப்பட்ட அதே ஆண்டில்தான், இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் களிம்பு கடைக்கு வந்தது. சிவப்பே அழகு என்று நாற்பத்தைந்து ஆண்டுகள் முழங்கி, 2020-இல், உலகெங்கும் நிறவெறிக்கு எதிராக மக்கள் கொதித்தெழுந்த பிறகு, பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் மாறிற்று. நாற்பத்தைந்து ஆண்டுகள் நெஞ்சில் ஊறியது மாறிற்றா?

வகுப்பில் ஒரு மாணவி என்னைக் கேட்டாள்: "ஐயா, லேசர் வைத்தால் வெள்ளையாகிவிடலாமாமே, உண்மையா?" இல்லை என்றேன். பிறவி நிறத்தைச் செய்யும் அணு உயிரோடிருக்கும்வரை மீண்டும் அதே நிறத்தைத்தான் செய்யும், என்றைக்குமாக வெளுக்கச் செய்வதாகச் சொல்பவன் பொய் சொல்கிறான் என்று விளக்கினேன். அவள் புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்டாள்: "அப்படியென்றால் எங்கள் அக்கா என்ன செய்வது? மூன்று இடத்தில் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்."

முதற் கேள்விக்கு விஞ்ஞானம் விடை சொல்லிவிட்டது. இரண்டாவது கேள்விக்கு நாம்தான் விடை சொல்லவேண்டும்.

எங்கே கோடு கிழிப்பது? "தழும்பை நீக்குவது மருத்துவம், நிறத்தை நீக்குவது ஆடம்பரம்" என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் எதிர்வாதம் ஒன்று எழும். ஓட்டா மறு பெரும்பாலும் உயிருக்குக் கேடு செய்வதில்லை. பருவின் வடு வலிப்பதில்லை. அவற்றையும் பிறர் கண்ணுக்கு அஞ்சித்தானே நீக்குகிறார்கள்? கறுப்புக்கு அஞ்சி வருபவளும் அதே கண்ணுக்கு அஞ்சித்தானே வருகிறாள்? ஒருத்திக்கு இரக்கம், மற்றொருத்திக்கு ஏளனமா? இது நேர்மையான வாதம், தட்டிக்கழிக்க முடியாது. "தனக்காகச் செய்தால் சரி, பிறருக்காகச் செய்தால் தவறு" என்பதும் நிற்காது. நாம் உடுத்தும் உடையே நமக்காக மட்டும் உடுத்துவதன்று.

நான் காணும் வேறுபாடு இது. தழும்பை நீக்கிக்கொண்டவள் யாரையும் தாழ்த்தவில்லை. தழும்பு ஓர் இனமன்று, ஒரு குலமன்று; தாய்வழி வந்த அடையாளமன்று. அவள் கேட்டதெல்லாம், தன் மக்களிடையே உறுத்தலின்றி நடமாடும் உரிமை. ஆனால் "கருமை இழிவு" என்று ஒப்புக்கொண்டு கருமையை அழிக்கச் செல்லும்போது, அவள் அம்மாவும் தங்கையும் அத்தெருவும் அவ்வூரும் அந்த இழிவில் விடப்படுகிறார்கள். சாதிப் பெயரை மறைத்து, வேறு சாதியான் என்று சொல்லிக் குடியேறியவனை நினைத்துப் பாருங்கள். அவன் பட்ட துன்பம் உண்மை. தப்பியோடியதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனாலும் அவன் தப்பினான், சாதி தப்பவில்லை. அங்கேயே இருந்தது, எஞ்சியவர்களை இன்னும் இறுக்கிக்கொண்டு! நிறத்தின் கதையும் அதுவே. பணமுள்ள ஒருத்தி கதிரால் வெளுத்தால், பணமில்லாத பத்துப் பேர் மேல் அந்த அளவுகோல் இன்னும் பலமாக விழும்.

அதற்காகத் தடை போடுவோமா? கூடாது. பெண்ணின் உடல் பெண்ணுக்கே உரியது என்பதற்காகவே, நாடு காதைப் பொத்திக்கொண்ட காலத்தில் கருத்தடையை ஆதரித்துப் பேசினார் பெரியார். அவர் வழி வந்தோர் ஒரு பெண்ணின் முகத்திற்குக் காவலர் ஆகமுடியாது. குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியவள் அவளல்லள். பொய்யை விற்பவன் ஏறட்டும்! "பெண் சற்று நிறம் மட்டு" என்று உதட்டைச் சுழிப்பவன் ஏறட்டும்! மேடையில் திராவிடம் பேசிவிட்டு, மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று எழுதும் இளைஞன் முதலில் ஏறட்டும்!

சிவப்பே அழகு என்பது தமிழனின் தொன்மைக் கருத்தா என்றால், அதுவுமில்லை. சங்கச் சான்றோர் தலைவியின் அழகை மாமை என்றனர். மாந்தளிர் போன்ற கருமை கலந்த ஒளி அது. அந்த நிறம் வெளிறிப் பசப்பது அவளுக்குத் துன்பம். பிரிவென்னும் நோயின் அடையாளம். வள்ளுவர் அந்தத் துன்பத்திற்கென்றே 119-ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். அன்று வெளிறல் நோய். இன்று வெளிறல் விலைபொருள்! பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. கறுப்பே உயர்வு என்று இன்னோர் ஏணி கட்டவும் சொல்லவில்லை. அளவுகோல் மனிதன் செய்தது, காலந்தோறும் மாறியது, எனவே இனியும் மாற்றக்கூடியது என்பதற்குச் சான்றாகவே சொல்கிறேன்.

ஆகவே, செய்யவேண்டியது என்ன? தழும்போ மறுவோ மங்கோ உடையவர் அஞ்சாமல் தோல் மருத்துவரிடம் செல்லட்டும், அழகுக்கடைக்குச் செல்லவேண்டா. சென்று கேட்கட்டும்: "என் போன்ற நிறமுடையவர்க்கு இதைச் செய்து பழக்கமுண்டா? முதலில் சிறு இடத்தில் சோதிப்பீர்களா? கறுத்தால் என்ன செய்வீர்கள்? வெளுத்தால் என்ன செய்வீர்கள்?" மேனி முழுவதையும் வெளுக்கச் செய்வேன் என்பவனிடம் கேட்கவேண்டியது எதுவுமில்லை, எழுந்து வந்துவிடலாம்.

பெண் பார்க்கப் போகும் இளைஞனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. புரோகிதன் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1967-இல் சட்டமாயிற்று. புரோகிதனை மணமேடையிலிருந்து இறக்கிய நாம், நிறத்தைப் பெண்பார்க்கும் கூடத்திலிருந்து இன்னும் வெளியேற்றவில்லை. அதற்குச் சட்டம் வேண்டியதில்லை. "நிறம் எப்படி?" என்று வீட்டார் கேட்கும்போது, "அதை நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்" என்று சொல்லும் வாய் ஒன்று போதும்.

ஆசிய மக்களின் தோலைக் கண்டபின், மருத்துவர்கள் தங்கள் கருவியின் அளவைத் திருத்திக்கொண்டனர். அந்தத் தோலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருந்தால், இன்றும் கருந்திட்டுகளையே உண்டாக்கிக்கொண்டிருப்பர். கருவியைத் திருத்தத் தெரிந்த உலகுக்குக் கண்ணைத் திருத்தத் தெரியாதா? அந்த மாணவியின் அக்காள் தன் தோலைத் திருத்தவேண்டியதில்லை. அவளைப் பார்க்க வருகிறவர்கள் தங்கள் அளவுகோலை வாசலிலேயே முறித்துப் போட்டுவிட்டு உள்ளே வரட்டும்.